கொடியில் காய்வதும் பீரோவில் கிடப்பதும்

ஒருவர் பல ஆண்டுகள் உடுத்திப் பழகித் தமக்கென்று நிலைநிறுத்திக்கொண்ட முறையை உடைப்பாங்கு என்று இச்சொற்பொழிவு குறிக்கிறது. துணியின் வகை, தையலின் அளவு, நிறம், கட்டும் விதம், காலணி எல்லாம் அதில் அடங்கும். தொலைவில் வரும்போதே, முகம் தெரிவதற்கு முன்பே, இன்னார்தான் வருகிறார் என்று மற்றவர் சொல்லிவிடும் அளவுக்கு அது உறுதிப்பட்டிருப்பதே அதன் அடையாளம். ஃபேஷன் என்று வழங்குவது கடையிலிருந்தும் திரையிலிருந்தும் வந்து, அடுத்த தீபாவளிக்குள் வந்த வழியே போய்விடுவது என்பதால் அதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. ஒருவர் உடுத்துவதற்காக வைத்திருக்கும் துணிகள் அனைத்தும் சேர்ந்தது உடைத்தொகுப்பு. பீரோவில் அடுக்கியிருப்பது, டிரங்குப் பெட்டியில் கிடப்பது, இஸ்திரிக்குப் போயிருப்பது, கொடியில் காய்வது எல்லாம் அதில் சேரும். பீரோ ஒருவர் தம்மைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பதைக் காட்டுகிறது என்றால், கொடி அவர் அன்றாடம் எப்படி வாழ்கிறார் என்பதைக் காட்டிவிடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைக் குறைப்பதுதான் மனத்துக்குப் பிடித்த உடைத்தொகுப்பை அமைக்கும் வேலை என்பது இங்கே முன்வைக்கப்படும் கருத்து.

இதைத் திருத்தணியில் பேசுவதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. 1888 செப்டம்பர் 5 அன்று இவ்வூரில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், இருபதாம் நூற்றாண்டு இந்தியப் பொதுவாழ்வில் உடைப்பாங்கு மிகத் தெளிவாக நிலைபெற்றவர்களுள் ஒருவர்: வெள்ளைத் தலைப்பாகை, கழுத்து மூடிய நீண்ட கோட்டு, அதன் கீழ் வேட்டி, மூக்குக்கண்ணாடி. 1909இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்றது தொடங்கி மைசூர், கல்கத்தா, 1936 முதல் ஆக்ஸ்போர்டு, 1949 முதல் 1952 வரை தூதராக மாஸ்கோ, அதன்பின் குடியரசுத் துணைத் தலைவராகவும் தலைவராகவும் 1967 வரை டெல்லி என்று அவர் வாழ்ந்த இடங்களின் தட்பவெப்பமும் பழகிய மனிதர்களும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்றாலும், அவருடைய பிற்காலப் புகைப்படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் உருவரை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. கோட்டின் துணியும் நிறமும் படத்துக்குப் படம் வேறுபடுகின்றன. சிலவற்றில் வெளிர் நிறம், சிலவற்றில் அடர்நிறம். கழுத்தின் அமைப்பும் கோட்டின் நீளமும் தலைப்பாகையின் வெண்மையும் அசையாமல் நிற்கின்றன. 1962 முதல் அவர் பிறந்த நாள் ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படும்போது, பள்ளிச் சிறுவன் ஒருவனை ராதாகிருஷ்ணனாக வேடமிட்டு மேடையேற்ற ஒரு வெள்ளைத் துணியும் ஒரு கண்ணாடியும் போதுமானதாக இருப்பதற்கு இந்த உறுதியே காரணம்.

இங்கே கவனிக்கத்தக்கது, அவ்வுடையின் எந்த உறுப்பும் அவருடைய கண்டுபிடிப்பு இல்லை என்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை மாகாணத்தில் படித்து வேலைக்குப் போன ஆண்கள் பலர், ஆசிரியராயினும் வழக்கறிஞராயினும், வேட்டிக்கு மேல் கோட்டும் தலைக்குப் பாகையும் அணிந்தே வெளியே சென்றார்கள். தலையில் ஒன்றும் இல்லாமல் அலுவலகத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போவது அக்காலத்தில் மரியாதைக் குறைவு. பின்னர் அந்தத் தலைமுறையினர் ஒவ்வொருவராகப் பாகையைக் கழற்றினார்கள், வேட்டியை விட்டுப் பேண்ட்டுக்கு மாறினார்கள், மூடிய கோட்டு திறந்த கோட்டாயிற்று. எல்லோருக்கும் பொதுவாக இருந்த ஒன்று, மற்றவர் கைவிட்ட பிறகும் ஒருவரிடம் தங்கியதால் அவருக்கு உரியதாகிவிட்டது. உடைப்பாங்கைத் தேடுகிறவர்கள் புதிது புதிதாக எதையாவது வாங்கிப் பார்க்கிறார்கள். விடாமல் வைத்துக்கொண்டதாலேயே உடைப்பாங்கு உருவாகும் என்பதற்கு இவ்வூர்க்காரர் ஒருவரே சான்றாக இருக்கிறார்.

இதோடு வைத்துப் பார்க்க வேண்டியவர் அதே 1888ஆம் ஆண்டு நவம்பரில் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன். அவரும் தலைப்பாகையை விடவில்லை, ஆனால் அதன் கீழே மேற்கத்திய கோட்டும் டையும் அணிந்தார். 1930இல் நோபல் பரிசு பெற்ற காலத்துப் படங்களில் அந்தச் சேர்க்கையைக் காணலாம். 1920களில் இவ்விருவரும் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியர்களாக இருந்தார்கள், ஒருவர் தத்துவத்துக்கு, மற்றவர் இயற்பியலுக்கு. ஏறத்தாழ ஒரே வயது, ஒரே மாகாணம், ஒரே பல்கலைக்கழகம், தலையில் ஒரே வகைப் பாகை, ஆயினும் யாரும் ஒருவரை மற்றவராகக் கண்டு மயங்க வழியில்லை. 1954இல் பாரத ரத்னா விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்ற மூவரில் இவர்கள் இருவர், மூன்றாமவர் ராஜாஜி. பாகையும் கோட்டும் இல்லாமல் கதர் வேட்டி, கதர்ச் சட்டை, தோளில் துண்டு, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி என்று அவர் வேறொரு முடிவுக்கு வந்திருந்தார். ஒரே மண்ணில் கிடைக்கும் பொருள்களை வைத்துக்கொண்டே மூன்று பேர் மூன்று தெளிவான உருவங்களை அமைத்துக்கொள்ள முடிந்தது என்பதை எண்ணினால், கடையில் இன்னும் அதிகமான வகைகள் இருந்தால்தான் தமக்கேற்றது கிடைக்கும் என்று இன்று நம்பப்படுவது எவ்வளவு பலவீனமான நம்பிக்கை என்பது விளங்கும். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் காந்தி சட்டையையும் குல்லாவையும் களைந்து அரை வேட்டிக்கு மாறியது இதன் எதிர்முனை. அங்கே சேர்ப்பதால் அல்லாமல் கழிப்பதால் ஓர் உருவம் பிறந்தது.

எனினும் இவ்வளவு பேரும் தாம் உடுத்துவதைத் தாமே முடிவு செய்யும் நிலையில் இருந்தவர்கள் என்பதை மறந்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்பை மறைத்துத் துணி அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் 1820களிலிருந்து போராட வேண்டியிருந்தது. 1859இல் வந்த அரசாணையும்கூட, மேல்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. தோள்சீலைப் போராட்டம் என்று வரலாற்றில் பெயர் பெற்ற இந்நிகழ்வு, உடை என்பது விருப்பத்தின் விஷயமாவதற்கு முன் நெடுங்காலம் அனுமதியின் விஷயமாக இருந்ததைக் காட்டுகிறது. அம்பேத்கர் கோட்டும் சூட்டும் அணிந்தே பொதுவெளியில் நின்றதை வெறும் மேல்நாட்டு மோகம் என்று சொல்பவர்கள் இந்தப் பின்னணியை அறியாதவர்கள். எதிர்த்திசையிலும் ஒரு தடை இருந்தது: வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் 2014 ஜூலையில் சென்னை கிளப் ஒன்றில் உள்ளே விடப்படாமல் திருப்பப்பட்டதும், அடுத்த மாதமே தமிழக சட்டமன்றம் இத்தகைய உடைக் கட்டுப்பாட்டுக்கு எதிராகச் சட்டம் இயற்றியதும் அண்மைக் காலச் செய்திகளே.

இனி, தமக்குரிய உடைப்பாங்கை ஒருவர் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்ற கேள்வி. மேலைநாட்டில் இதற்கு ஒரு புகழ்பெற்ற விடை உண்டு. 1970களில் லண்டனில் துணிக்கடை நடத்திய சூசி ஃபாக்ஸ் என்பவர் பரப்பிய காப்ஸ்யூல் வார்ட்ரோப் என்னும் கருத்து அது. ஒன்றோடொன்று மாற்றி மாற்றிச் சேர்க்கக்கூடிய சில நல்ல உடைகளை மட்டும் வைத்துக்கொள்வது என்பது அதன் பொருள். 1985இல் அமெரிக்க வடிவமைப்பாளர் டோனா கரன் ஏழே உருப்படிகளை அடிப்படையாக வைத்து ஒரு தொகுதியை வெளியிட்டபோது அது உலகெங்கும் பேசப்பட்டது. கருத்து நல்ல கருத்துதான். ஆனால் அதன் பட்டியல்கள், உடுத்துகிறவரே வாங்குகிறவர் என்ற எண்ணத்தின்மேல் கட்டப்பட்டவை. தமிழ்க் குடும்பங்களில் நிலைமை அப்படி இல்லை. ஒரு பெண்ணின் பீரோவில் அவள் தானே தேர்ந்தெடுத்தது ஒரு பங்கு என்றால், தாய்வீட்டுச் சீரில் வந்தது, நாத்தனார் வீட்டு விசேஷத்தில் வைத்துக் கொடுத்தது, தாம்பூலத்தோடு கிடைத்த ரவிக்கைத் துண்டு, ஆடித் தள்ளுபடியில் இரண்டுக்கு ஒன்று என்று சேர்ந்தது எல்லாம் மற்றொரு பங்கு. 1983இல் தொடங்கிய பொங்கல் வேட்டி சேலைத் திட்டத்தில் இன்று ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட சேலைகளும் ஏறக்குறைய அதே அளவு வேட்டிகளும் ஆண்டுதோறும் வழங்கப்படுகின்றன. இவற்றையெல்லாம் எடுத்தெறிந்துவிட்டு ஏழு உருப்படியோடு வாழச் சொல்லும் அறிவுரை இவ்வூரில் எடுபடாது, எடுபடவும் வேண்டியதில்லை. ஆண்களின் நிலையும் பெரிதாக வேறுபடவில்லை; ஒரு மனிதர் தம் வாழ்நாளில் தாமாகப் போய் ஒரு சட்டைத் துணி எடுத்ததே இல்லை என்னும் குடும்பங்கள் இன்றும் உண்டு.

ஆகவே தொடங்க வேண்டிய இடம் கொடிதான். ஒரு மாதம் கொடியில் ஏறும் துணிகளைக் கவனித்தால், பீரோவில் எத்தனை இருந்தாலும் சில உருப்படிகளே மீண்டும் மீண்டும் வருவது தெரியும். துவைத்துக் காய்ந்த அன்றே மறுபடி எடுத்துக் கட்டப்படும் அந்தச் சேலை, காலர் நைந்த பிறகும் கழிக்க மனம் வராத அந்தச் சட்டை இவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, இவற்றில் பொதுவாக இருப்பது என்ன என்று ஆராய வேண்டும். பெரும்பாலும் விடை நிறத்தில் இருப்பதில்லை. துணியின் எடையிலோ, கரையின் அகலத்திலோ, ரவிக்கைக் கையின் நீளத்திலோ, சட்டையின் தோள்பட்டைத் தையல் விழும் இடத்திலோ இருக்கும். அரை அங்குல அகலக் கரைச் சேலையை வாரம் இருமுறை கட்டுகிற ஒருவர், விசேஷத்துக்கென்று ஒவ்வொரு முறையும் ஒரு சாண் கரையுள்ள புடவையை எடுத்து, ஒரே முறை கட்டிவிட்டு உள்ளே வைப்பது மிகச் சாதாரணமான காட்சி. அவருடைய கண்ணுக்குப் பெரிய கரை பிடித்திருக்கிறது, அவருடைய உயரத்துக்குச் சிறிய கரை பொருந்தியிருக்கிறது. கொடி இதைச் சொல்லும், ஜவுளிக்கடைக் கண்ணாடி சொல்லாது.

ஊரின் தட்பவெப்பம் இதில் பெரும் பங்கு வகிக்கிறது. கோடையில் தமிழகத்தின் மிக வெப்பமான இடங்களின் பட்டியலில் திருத்தணியின் பெயர் அடிக்கடி வரும். மே மாதத்தில் வெயில் 40 டிகிரி செல்சியஸைப் பலமுறை தாண்டும். இந்த வெயிலில் எந்த நூல் உடலுக்கு ஒத்துவரும் என்பதை இழைகளின் ஈரம் ஏற்கும் திறன் ஓரளவு விளக்குகிறது. காற்றிலுள்ள ஈரத்தை ஓர் இழை தன் எடையில் எத்தனை விழுக்காடு ஏற்றுக்கொள்ளும் என்பதே இத்திறன். பருத்திக்கு அது ஏறத்தாழ 8 விழுக்காடு, பட்டுக்கு 11, பாலியஸ்டருக்கோ அரை விழுக்காடுகூட இல்லை. பாலியஸ்டர் கலந்த துணி கசங்காது, விரைவில் உலரும், இஸ்திரிச் செலவு மிச்சம் என்பதெல்லாம் உண்மை. ஆனால் வியர்வையை ஏற்காததால் அது தோலிலேயே தங்கும். 365 படிகள் ஏறி இவ்வூர் மலைக்கோயிலுக்குப் போகும் ஒருவர், பாதி வழியில் முதுகோடு ஒட்டிய சட்டையைப் பிடித்து இழுத்து விட்டுக்கொள்வதில் இழையியல் பாடம் முழுவதும் அடங்கிவிடுகிறது. (ஆண்டின் நாள்களைக் குறிப்பதாகச் சொல்லப்படும் இப்படிகளில் டிசம்பர் 31 இரவு திருப்புகழ் பாடி ஏறும் படித் திருவிழாவை 1917இல் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கி வைத்தார், அன்று மார்கழிக் குளிரில் வெயிலின் கவலை இல்லை, சேலை காலில் தட்டாமல் இருந்தால் போதும்.) படியேறுவதற்குத் தரையைக் கூட்டும் நீளத்தில் கட்டிய சேலையும் ஒட்டித் தைத்த சுடிதாரும் துணை செய்வதில்லை, கணுக்காலுக்கு மேல் இரண்டு விரல் ஏற்றிக் கட்டிய பருத்திச் சேலையும் மடித்துக் கட்டிய வேட்டியும் செய்கின்றன. ஊரில் தினமும் ஏறி இறங்கும் பூக்காரப் பெண்களும் அர்ச்சனைத் தட்டுக் கடைக்காரர்களும் எதை எப்படி உடுத்துகிறார்கள் என்பதைப் பார்ப்பது எந்த உடை நிபுணரின் அறிவுரையைக் காட்டிலும் பயன்தரும்.

பருத்தி என்று பொதுவாகச் சொன்னால் போதாது, அதன் கவுண்ட்டையும் கேட்டறிய வேண்டும். 840 கஜம் நீளமுள்ள நூற்சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ அந்த எண்ணே கவுண்ட். ஆகவே 40 கவுண்ட் நூல் தடிமன், 80 மெல்லியது, 100க்கு மேல் மிக மென்மையானது. அன்றாடம் கட்டி அடித்துத் துவைக்கும் துணிக்கு 40 அல்லது 60 கவுண்ட் தாங்கும். 100 கவுண்ட் வேட்டி உடலில் இருப்பதே தெரியாது என்றாலும் கல்லில் அடித்தால் ஆண்டு முடிவதற்குள் கிழியும். கடையில் துணியைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இழைகளின் நெருக்கம் சீராக இருக்கிறதா, இடையிடையே சன்னமான பட்டைகள் விழுந்திருக்கின்றனவா என்பது தெரிந்துவிடும். ஓர் ஓரத்தை இரு கைகளாலும் கசக்கி விட்டால், கஞ்சியால் மட்டும் விறைப்பாக நிற்கும் துணி கையில் வெள்ளைப் பொடியை விட்டுவிட்டுத் துவண்டு போகும். கடைக்காரர்கள் இதை விரும்பமாட்டார்கள், ஆயினும் இப்பகுதியில் அவர்களுக்கு இது பழகிய தொல்லைதான்.

பழகியதற்குக் காரணம், வாங்க வருகிறவர்களில் பலர் தறிக்காரக் குடும்பத்தினர். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, ஆர்.கே. பேட்டை, அம்மையார்குப்பம் ஆகிய ஊர்களில் தெருவுக்குள் நுழைந்தாலே விசைத்தறியின் சத்தம் காதில் விழும். எல்லைக்கு அப்பால் நகரியும் புத்தூரும் அப்படியே. கைலியும் பருத்திச் சேலையும் இங்கே நெய்யப்பட்டு எங்கோ போய் விற்கின்றன. தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் காஞ்சிபுரத்துப் பட்டு, வடக்கே காளஹஸ்தியில் மூங்கில் எழுதுகோலால் கையால் வரையும் கலம்காரி, இன்னும் வடக்கே வெங்கடகிரியின் மெல்லிய ஜரிகைப் பருத்திச் சேலை என்று, இந்தியாவில் மிகச் சில ஊர்களுக்கே வாய்க்கும் ஓர் இருப்பிடம் திருத்தணிக்கு வாய்த்திருக்கிறது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போய், ம.பொ.சி. முதலியோரின் எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்த ஊர் இது. கோடு எங்கே விழுந்தாலும் துணியும் மொழியும் இரு பக்கமும் போய்வந்துகொண்டே இருந்தன. ஒரு கடையில் தமிழில் விலை கேட்டுத் தெலுங்கில் பேரம் பேசும் இவ்வூரார், உடையிலும் இரண்டு கைகளையும் பயன்படுத்திக்கொள்ளலாம். கலம்காரித் துணியில் ரவிக்கை தைத்து ஒரே நிறப் பருத்திச் சேலைகள் பலவற்றுக்கு அதையே சேர்த்துக் கட்டும் வழக்கம் இப்போது நகரங்களில் பரவியிருக்கிறது. அதற்கான மூலப்பொருள் இங்கே பேருந்துத் தூரத்தில் கிடைக்கிறது. வடசென்னை தொடங்கி இவ்வட்டாரம் வரை நெய்யப்பட்ட கட்டம்போட்ட கைலித் துணியும் ஒரு காலத்தில் உலகம் சுற்றியிருக்கிறது. 1950களின் இறுதியில் அமெரிக்காவுக்குப் போன அத்துணி முதல் துவைப்பிலேயே சாயம் விட்டது, வாங்கியவர்கள் கொதித்தார்கள், விற்றவர்களோ சாயம் நிச்சயம் போகும், ஒவ்வொரு துவைப்புக்கும் வேறொரு நிறம் கிடைக்கும் என்று அதையே பெருமையாக விளம்பரம் செய்து விற்றுத் தீர்த்தார்கள். அதே துணியை வீட்டில் இடுப்பில் கட்டிக்கொண்டு, சட்டைக்கு மட்டும் கம்பெனிப் பெயர் தேடுவதில் ஏதோ ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது.

துணியைவிடவும் அதிகமான உடைகளைப் பீரோவுக்குள் தள்ளிவிடுவது தையல். ஒரு சேலை ஏன் கட்டப்படுவதில்லை என்று விசாரித்தால், சேலையில் குறை இருக்காது, அதற்குரிய ரவிக்கை இறுக்கிப் பிடிக்கிறது என்ற விடையே பல வீடுகளில் வரும். ரவிக்கையைப் புரட்டி உள்பக்கம் பார்த்தால் பக்கவாட்டில் இரண்டு மூன்று வரிசையாகத் தையல் ஓடியிருப்பது தெரியும். உடல் பருத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்துவிடத் தையற்காரர் விட்டுவைக்கும் இடம் அது. துணியைக் குறைவாக வாங்கிக் கொடுத்துவிட்டாலோ, அவசரத்தில் தைத்தாலோ இந்த விடுப்பு அரை அங்குலமாகச் சுருங்கி, இரண்டே ஆண்டில் அந்த ரவிக்கை பயனற்றதாகும், அதனோடு சேலையும் முடங்கும். இழைக்குக் குறுக்காகத் துணியைச் சாய்த்து வெட்டும் கிராஸ் கட், உடலின் வளைவுக்கு இசைந்து கொடுக்கும், ஆனால் துணி அதிகம் பிடிக்கும். நேராக வெட்டியதற்குத் துணி குறைவு, இறுக்கம் அதிகம். பருத்தித் துணியைத் தைப்பதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்காவிட்டால் முதல் துவைப்பில் சுருங்கும் என்பது பாட்டிகளுக்குத் தெரியும், பேத்திகளுக்குத் தையற்காரர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு நல்ல தையற்காரரை அடையாளம் காண்பது புதுத் துணி வாங்குவதைவிட முதன்மையான செலவு என்றே கொள்ளலாம். அவரிடம் அளவு எடுக்கச் சொல்லாமல், கொடியில் அடிக்கடி ஏறும் பழைய ரவிக்கையையோ சட்டையையோ மாதிரியாகக் கொடுத்துவிட்டால், ஏற்கெனவே உடல் ஒப்புக்கொண்ட ஒன்றே மறுபடி தைக்கப்பட்டு வரும்.

நிறத்தைப் பற்றி நூல்கள் நிறையப் பேசுகின்றன, தேவைக்கு மேலாகவே பேசுகின்றன. ஆடிக் கிருத்திகைக்கு மலைப்பாதை முழுவதும் மஞ்சள் உடையும் பூக்காவடியும் நிறைந்திருக்கும்போது, நிறம் தனிமனிதரின் தேர்வாக இல்லாமல் நேர்த்திக்கடனின் பகுதியாகிவிடுகிறது. கார்த்திகையில் மாலை போட்டவர்களின் கறுப்பும் அப்படியே. அந்நாள்களைத் தவிர்த்த மற்ற நாள்களுக்கு ஒரே ஒரு சோதனை போதும்: கடையின் குழல்விளக்கின் கீழே முடிவு செய்யாமல், துணியை வாசலுக்கு எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் முகத்தருகே வைத்துப் பார்ப்பது. கண்ணுக்கு முதலில் துணி தெரிந்தால் அந்த நிறம் வேண்டாம், முகம் தெரிந்தால் எடுத்துக்கொள்ளலாம். மாநிறத்தவருக்கும் கறுத்தவருக்கும் இன்ன நிறம் ஆகாது என்று உறவினர் சொல்லிக் கேட்டே வளர்ந்த பெண்கள் இந்தச் சோதனையில் மிகவும் வியப்படைகிறார்கள். அரக்கும், கருநீலமும், கடுகு மஞ்சளும் கறுத்த மேனியில் எழுவதுபோல் வேறெதிலும் எழுவதில்லை, வெளிறிய நிறம்தான் அழகு என்ற பேச்சு துணிக்கடைக்குள்ளும் புகுந்து பலரை மங்கிய நிறங்களுக்குத் தள்ளியிருக்கிறது.

இவ்வாறு கொடியையும் ஊரையும் நூலையும் தையலையும் பார்த்து முடித்தபின் பீரோவுக்குத் திரும்பலாம். அங்கே கிடப்பவற்றில் சில, ரவிக்கையை மாற்றித் தைத்தால் உடனே கொடிக்கு வந்துவிடும். சில, பிறர் அன்பால் கொடுத்தவை. கட்டப்படாவிட்டாலும் அவற்றுக்கு அங்கே இடம் உண்டு, அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. எஞ்சியவற்றுள் சிக்கலானது பட்டு. விலை உயர்ந்தது என்பதால் கழிக்க மனம் வராது, கனமானது என்பதால் கட்டவும் மனம் வராது. ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் ஜரிகை அந்த மடிப்போடு முறியும் என்பதால், ஆண்டுக்கு இரண்டு முறையேனும் நிழலில் உலர்த்தி மடிப்பை மாற்றி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். அந்துருண்டையைப் புடவைமேல் படும்படி போட்டால் ஜரிகை கறுத்துவிடும். உடல் நைந்து கரை நன்றாக இருக்கும் புடவையைப் பேத்திக்குப் பட்டுப்பாவாடையாக மாற்றுவது பழைய வழக்கம், கரையை மட்டும் பிரித்து ஒரே நிறப் பட்டில் வைத்துத் தைப்பது புதிய வழக்கம்.

இரண்டுக்கும் உதவாததைப் பழைய பட்டு வாங்குகிறவர்களிடம் கொடுக்கிறார்கள். அவர்கள் புடவையை எரித்து அதிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். அசல் ஜரிகை என்பது பட்டுநூலின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. வெள்ளிக்குப் பதில் செம்புக் கம்பி உள்ளதும் அதே பளபளப்போடு கடையில் தொங்கும், எரித்தால் அதில் கிடைப்பது ஒன்றுமில்லை. காஞ்சிபுரத்து அசல் ஜரிகையின் ஓர் இழையை நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டுநூல் தெரிய வேண்டும் என்பார்கள். ஆனால் புதுப் புடவையைச் சுரண்டிப் பார்க்க எந்தக் கடையும் ஒப்புவதில்லை என்பதால், எடுக்கும்போதே ஜரிகையின் வகையையும் அதில் வெள்ளி எத்தனை விழுக்காடு என்பதையும் பில்லில் எழுதி வாங்கி, அந்தப் பில்லைப் புடவையோடே சுற்றி வைப்பவர்களால்தான் இருபது ஆண்டு கழித்து எடைபோடும் இடத்தில் விலை பேச முடிகிறது.